டி.என்.ஏ.வின் மின்சுமை எங்கே இருக்கிறது?

நம்பிக்கை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகிய நான்கு காரங்கள்தான் டி.என்.ஏ.வுக்கு மின்சுமை தருகின்றன.

உண்மை: செல்லுக்குள் இந்த நான்குக்கும் மின்சுமை கிடையாது. சுமை முழுக்க முதுகெலும்பில் இருக்கிறது. அடுத்தடுத்த சர்க்கரைகளை இணைக்கும் பாஸ்பேட் ஒவ்வொன்றும் தன் புரோட்டானைத் தண்ணீரில் உதறிவிட்டு, ஓர் எதிர்மின்சுமையோடு நிற்கிறது. கார இணை ஒன்றுக்கு இரண்டு பாஸ்பேட். மனித செல் ஒன்றில் 600 கோடிக்கும் மேற்பட்ட இணைகள் என்றால், எதிர்மின்சுமைகள் 1,200 கோடியைத் தாண்டும். ஷாக் அடிக்காதா என்று கேட்கலாம். அடிக்காது. பொட்டாசியம், மக்னீசியம் அயனிகளும் நேர்மின்சுமை நிறைந்த ஹிஸ்டோன் புரதங்களும் கூடவே இருந்து ஈடுகட்டிவிடுகின்றன.

நம்பிக்கை: இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பது இந்த மின்சுமைதான்.

உண்மை: நேர்மாறு. இரண்டு இழையிலும் இருப்பது எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளவே பார்க்கும். சேர்த்து வைப்பவை காரங்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளும், அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கியிருப்பதும். உப்பே இல்லாத தண்ணீரில் போட்டால் இழைகள் எளிதில் பிரிந்துவிடும்.

இந்த இடத்தில் சறுக்கியவர் சாதாரண ஆள் இல்லை. 1953 தொடக்கத்தில் லைனஸ் பாலிங், ராபர்ட் கோரியுடன் சேர்ந்து டி.என்.ஏ.வுக்கு ஒரு மாதிரியை வெளியிட்டார். மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் எல்லாம் நட்டநடுவில். அவை ஒன்றையொன்று தள்ளாதிருக்க, ஹைட்ரஜனை பாஸ்பேட்டிலேயே ஒட்டவைத்திருந்தார். புரோட்டானை விடாத மூலக்கூறுக்கு அமிலம் என்று எப்படிப் பெயர் வைப்பது? கேம்பிரிட்ஜில் இதே அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனும் கிரிக்கும் இந்தத் தவறை உடனே பிடித்துக்கொண்டார்கள். பாஸ்பேட் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று லண்டனில் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேதியியல் பாடநூல் எழுதிய பாலிங், அடுத்த ஆண்டே அந்தத் துறையில் நோபல் வாங்கினார் என்பது வேறு கதை.

நம்பிக்கை: நீளமான துண்டில் மின்சுமை அதிகம்; மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் அதுதான் முந்தி ஓடும்.

உண்மை: முதல் பாதி சரி. ஆனால் நீளம் கூடக் கூட இழுவைத் தடையும் அதே அளவில் கூடுகிறது. வெறும் கரைசலில் நீளமானதும் குட்டையானதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நகரும். அகரோஸ் ஜெல்லின் வலைப்பின்னலில் நீளமானது சிக்கித் திணறும், குட்டை நழுவி முன்னே போய்விடும். டி.என்.ஏ. மாதிரியை எதிர்முனையான கறுப்பு வயர் பக்கத்துக் குழிகளில் இடுவதும் இதே மின்சுமையால்தான்; நேர்முனையான சிவப்பை நோக்கி அது ஓடும். வயரை மாற்றிச் சொருகினால் மாதிரியில் கலந்த நீலச் சாயத்தோடு டி.என்.ஏ.வும் பின்பக்கமாக வெளியேறி, ஜெல்லைச் சுற்றியுள்ள பஃபர் கரைசலில் கரைந்துவிடும். பிறகு புதிதாக ஜெல் ஊற்ற வேண்டியதுதான்.