சக்கரம் வரையும் வளைவு

மழை நாளில் வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குச் சைக்கிளில் போகிறீர்கள். பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லை. முதுகெல்லாம் சேறு! அந்தச் சேறு எந்தத் திசையில் புறப்பட்டது? வகைநுண்கணிதத்தைக் கேட்போம்.

டயரில் ஒட்டிய ஒரு சேற்றுப் புள்ளியைக் கவனியுங்கள். சக்கரம் உருள உருள அது ஏறி இறங்கியபடியே முன்னேறுகிறது. அதன் பாதைக்குச் ‘சைக்ளாய்டு’ என்று பெயர். உயரத்தை நேரே தூரத்தின் சார்பாக எழுதுவது கடினம். ஆகவே சக்கரம் சுழன்ற கோணத்தைத் துணையலகாகக் கொள்வோம். புள்ளி தரையைத் தொட்ட கணத்திலிருந்து கோணத்தை ரேடியனில் அளந்தால்,

தூரம் = ஆரம் × (கோணம் − சைன் கோணம்)

உயரம் = ஆரம் × (1 − கொசைன் கோணம்)

இரண்டையும் கோணத்தைப் பொறுத்துத் தனித்தனியே வகையிடுங்கள். உயரத்தின் வகைக்கெழுவைத் தூரத்தின் வகைக்கெழுவால் வகுத்தால் பாதையின் சாய்வு கிடைக்கும்.

சாய்வு = சைன் கோணம் ÷ (1 − கொசைன் கோணம்)

கோணம் 90° ஆகும்போது சாய்வு 1. அதாவது, அங்கே பிரியும் சேறு, சாலையோரம் நிற்பவருக்கு 45° சாய்வில் முன்னும் மேலுமாகப் பறக்கும். உச்சியில், 180°-இல், சாய்வு 0. சேறு கிடையாகப் பாயும்.

தரையைத் தொடும் கணத்தில்? தொகுதியும் பூச்சியம், பகுதியும் பூச்சியம்! சூத்திரம் பொய்த்துவிட்டதா? இல்லை. இரு வீதங்களும் பூச்சியம் என்றால் அப்புள்ளி அக்கணம் அசையாமல் நிற்கிறது என்று பொருள். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஓடும் பெரிய தேரைப் பாருங்கள். வழுக்காமல் உருளும் அதன் சக்கரத்திலும், தரையைத் தொடும் புள்ளி அக்கணம் ஓய்வில்தான் இருக்கிறது, தேரோ நகர்கிறது!

இனி ஓர் எச்சரிக்கை. இரண்டாம் வகைக்கெழுவுக்கு, உயரத்தின் இரண்டாம் வகைக்கெழுவைத் தூரத்தின் இரண்டாம் வகைக்கெழுவால் வகுத்துவிடும் மாணவர் பலர். அது தவறு. 90°-இல் அது 0 என்ற விடையைத் தரும். சரியான வழி: சாய்வைக் கோணத்தைப் பொறுத்து மறுபடி வகையிட்டு, தூரத்தின் முதல் வகைக்கெழுவால் வகுக்க வேண்டும். விடை −1/ஆரம். குறைக்குறி, வளைவு கீழ்நோக்கி வளைவதைக் காட்டுகிறது.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. சாய்வுக்கு அலகு இல்லை. அதைத் தூரத்தைப் பொறுத்து வகையிட்டால் விடையின் பகுதியில் ஒரு நீளம் வந்தே தீர வேண்டும். தவறான வழியில் அது வராது.

60°-இல் இரண்டு வழியிலும் கணக்கிட்டுப் பாருங்கள். எது உண்மை என்பதை வளைவை வரைந்து நீங்களே முடிவு செய்யுங்கள்!