மூஞ்சூறும் அதன் வாசஸ்தலமும்

பிள்ளையாரின் வாகனமாகப் போற்றப்படும் மூஞ்சூறு கிராமவாசிகள் அனைவரும் அறிந்த பிராணியாகும். ஆயினும் பலர் அதனை எலியின் ஓர் இனமென்றெண்ணி, கண்டவிடத்தில் அடித்துக் கொல்கின்றனர். அஃது எலியன்று. எலிக்கு மேலும் கீழும் உளிபோன்ற இவ்விரண்டு முன்பற்கள் உண்டு. அவற்றால் அது சாக்கையும் மரத்தையும் கடித்துத் துளைக்கின்றது. மூஞ்சூறுக்கோ கூரிய சிறு பற்களே உள. கரப்பான், வண்டு, புழு முதலியனவே அதன் முக்கிய ஆகாரம். நீண்ட மூக்கு, மிகச் சிறிய கண்கள், அடி பருத்த வால், கஸ்தூரி போன்ற நாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

லின்னேயஸ் என்னும் இயற்கை சாஸ்திரி 1766-ம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் இப்பிராணி, கப்பற் சரக்குடன் அரேபியக் கரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவிற்கும் சென்றது. 1953-ல் பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவையும் அடைந்தது. இதற்கு நெருங்கிய உறவுடைய டே மூஞ்சூறு என்பதோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் மாத்திரமே காணப்படுகின்றது. மனிதனை அண்டியது கடல் கடந்து பரவிற்று; காட்டை நம்பியது மலையோடு நின்றுவிட்டது. ஆகவே அக்காடு அழியின் அதற்குப் புகலிடம் வேறில்லை.

வீட்டு மூஞ்சூறு பகலில் சுவர்ப் பொந்து, விறகு அடுக்கு, குப்பைமேடு ஆகியவற்றில் ஒளிந்திருந்து, இரவில் சுவரோரமாக ஓடி இரை தேடும். தாய் இடம் பெயருங்கால் குட்டிகள் ஒன்றன் வாலடியை மற்றொன்று கவ்விக்கொண்டு சங்கிலிபோற் பின்தொடரும்.

இதனால் தொல்லையே இல்லையென்று கூறுவதற்கில்லை. திறந்து வைத்த உணவில் இது வாய்வைக்கும். எச்சத்தாலும் நாற்றத்தாலும் பண்டங்களைக் கெடுக்கும். நோய் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் இதன் உடலிலும் தங்கக்கூடும். ஆதலின் செத்துக் கிடப்பதை வெறுங்கையால் தொடலாகாது. எனினும் சாக்கைக் கடித்து நெல்லைச் சிந்தச் செய்வது எலியே. கிடங்கில் சேதம் கண்டவுடன் கண்ணிற்பட்ட மூஞ்சூற்றைக் கொன்றுவிட்டால், பூச்சி தின்னும் பிராணி ஒன்று குறையுமேயன்றி, எலி குறையாது.

எனவே சங்கத்து அங்கத்தினர்கள் கிடங்கின் பொந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, கதவின் கீழிடைவெளிக்குத் தகடு அடித்து, மூட்டைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குவார்களாக. எலியும் மூஞ்சூறும் ஒருங்கே வெளியில் நிற்கும், நெல்லும் காக்கப்படும், வெளியே நின்ற மூஞ்சூறு தோட்டத்துப் பூச்சிகளைத் தின்று வாழும்.