காகிதப் பணம் கற்பிக்கும் துணிவு

தேர்வில் வட்டிக் கணக்கைப் பிழையின்றிச் செய்யும் மாணவர் பலர், வங்கி முகப்பில் பணம் செலுத்தும் சீட்டை நிரப்பத் தயங்குவதை நாங்கள் காண்கிறோம். குறை அறிவில் இல்லை, பழக்கத்தில்தான் உள்ளது. அப்பழக்கத்தை அச்சமின்றித் தருபவை பாவனை விளையாட்டுகள்.

இது புதிய எண்ணமன்று. நில வாடகை செல்வத்தைச் சிலரிடமே குவிப்பதை உணர்த்த, அமெரிக்கரான எலிசபெத் மேகி 'நிலக்கிழார் விளையாட்டு' என்பதை உருவாக்கி, 1904-இல் காப்புரிமை பெற்றார். 'மோனோபொலி'க்கு முன்னோடி அதுவே.

இத்தகைய விளையாட்டை வீட்டிலேயே அமைக்கலாம். பிள்ளைக்குக் காகிதப் பணமாக 1,000 ரூபாய் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் ஓராண்டாகக் கொள்ளுங்கள். கணக்கின் எளிமைக்காக வட்டி 10 விழுக்காடு எனில், வைப்பில் இட்ட 500 ரூபாய் முதற்சுற்றில் 550 ஆகும். அடுத்த சுற்றில் 605 ஆகும். எஞ்சிய பணத்தைச் செலவிடுவதா, கையிருப்பாக வைப்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். இடையில் 'மருத்துவச் செலவு' என்ற சீட்டு வரட்டும். கையிருப்பு இல்லாதவர் வைப்பை முறித்து வட்டியை இழக்க நேரும்.

இங்கே இழப்பது காகிதத்தை மட்டுமே. ஆயினும், ஆட்டம் முடிந்ததும் "ஏன் அவ்வாறு முடிவு செய்தாய்?" என்று கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள். தன் முடிவுக்குத் தானே காரணம் சொல்லும்போதுதான் தன்னம்பிக்கை வேர்விடுகிறது.

வங்கிகள் வகுக்கும் வரம்புக்கு உட்பட்டு, 10 வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. அடுத்த முறை கிளைக்கு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். சீட்டை அப்பிள்ளையே நிரப்பட்டும். பிழை நேர்ந்தால் வேறு சீட்டுத் தர நாங்கள் இருக்கிறோம்.