பழைய கணனியும் அதன் முகப்புப் பட்டியும்

திரையிற் படத்தைச் சுட்டினால் வேண்டியது திறக்கும் காலத்திற் பிறந்த மாணவர், 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணனியின் முன் அமர்ந்தால் திகைப்பது இயல்பே. கருந்திரையில் ஓர் எழுத்தும் ஒரு குறியும் தோன்றும். அதற்குமேல் அது வாய் திறவாது. செய்நிரலின் பெயரையும் அஃது உறையும் அடைவையும் அறிந்தவர்க்கே அது பணி செய்யும். ஆதலின், தந்தையார் எழுதிவைத்த கணக்கும் கடிதமும் வன்தட்டிற் பழுதின்றி இருப்பினும், திறக்குங் கட்டளை அறியாத பிள்ளைகளுக்கு அவை இல்லாதனவே. இக்குறை தீர முகப்புப் பட்டி அமைக்கும் முறையை ஈண்டு நோக்குவோம்.

1983இல் 10 மெகாபைற்று வன்தட்டுடன் எக்ஸ்ரி கணனி வந்தது. உடன்வந்த டொஸ் 2.0 அடைவுக்குள் அடைவு அமைக்க இடந்தந்தது. செய்நிரல்கள் பெருகின, தேடும் தொல்லையும் பெருகிற்று. விலைக்கு வாங்கத்தக்க பட்டிகள் பல இருந்தனவெனினும், அவற்றுட் சில, தாம் அழைத்த செய்நிரல் ஓடும்போதும் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பற்றிநிற்கும். செய்நிரல்களுக்கென அக்கணனியில் உள்ள இடமோ மிகுதியாக 640 கிலோபைற்று. வாயிலைத் திறந்துவிட்டு அகலும் காவலனே நமக்கு வேண்டும். டொஸ் தானே தரும் தொகுதிக் கோப்பு அத்தகையது.

பட்டிக்கென ஓர் அடைவை வகுத்து, அதன் பெயரை 'பாத்' கட்டளையிற் சேர்க்க. பட்டியின் வரிகளை ஒவ்வொன்றாக 'எக்கோ' கட்டளையால் எழுதுவோர் உளர். டொஸ் தொகுதிக் கோப்பை வரிவரியாகத் தட்டிலிருந்து படிப்பதால், பழைய பொறியில் அவ்வரிகள் நொண்டி நொண்டியே தோன்றும். எல்லாவற்றையும் தனிக் கோப்பொன்றில் எழுதி, 'ரைப்' கட்டளையால் ஒருங்கே காட்டுதல் நன்று. பின்னர் 1.பற், 2.பற் எனச் சிறு கோப்புகள் அமைக்க. பயில்வோர் 1 என அடித்து 'என்ரர்' விசையை அழுத்தினால், முதற்கோப்பு வேட்ஸ்ரார் உள்ள அடைவுக்குச் சென்று அதனை இயக்கும். பணி முடிந்ததும் மூல அடைவுக்கு மீண்டு, இறுதி வரியால் மெனு.பற் கோப்பை அழைக்கும். எளிமையில் இம்முறையை விஞ்சுவது பிறிதில்லை என்பது எம் கருத்து.

அவ்விறுதி வரியில் 'கோல்' என்னுஞ் சொல்லைச் சேர்த்தலாகாது. சேர்ப்பின் முந்திய கோப்பு முடிவுறாது காத்திருக்கும்; மீண்டும் மீண்டும் அழைக்க, காத்திருப்பன ஒன்றின்மேலொன்றாய்க் குவியும். ஆயின், இயக்கவேண்டிய செய்நிரலே தொகுதிக் கோப்பாயின் 'கோல்' இன்றியமையாதது. இன்றேல் பட்டி திரும்பி வாராது. அச்சொல் 1987இல் டொஸ் 3.3 உடன் வந்தது. அதற்கு முந்திய பதிப்புடையோர் 'கொமாண்ட் /சி' எனத் தொடங்கி அழைத்தல் வேண்டும்.

1993இல் வெளிவந்த எம்.எஸ். டொஸ் 6.0 'சொய்ஸ்' என்னுங் கட்டளையைத் தந்தது. ஒரு விசையை அழுத்தினாலே போதும். அதன் வரிசையெண் 'எரர்லெவல்' என்பதிற் பதியும். இங்கேதான் கற்போர் பலர் இடறுவர். 'எரர்லெவல் 1 ஆயின்' என்று வினவுங்கால், டொஸ் 1க்குச் சமமானதையும் அதனின் மிக்கதையும் ஆம் என்றே கொள்ளும். 1ஐ முதலில் வினவினால், 3ஐ அழுத்தியவர்க்கும் முதலாவது செய்நிரலே திறக்கும். கணக்கை நாடியவர் முன் கடிதம் வந்துநிற்கும். ஆகவே 3, 2, 1 என மேலிருந்து கீழாகவே வினவுக.

கணனி விழித்தவுடன் பட்டி தோன்ற, ஓட்டோஎக்செக்.பற் கோப்பின் ஈற்றில் 'மெனு' என ஒரு வரி சேர்த்தல் அமையும். சேர்க்குமுன் அக்கோப்பைப் பிரதிசெய்து, கணனியை எழுப்பவல்ல நெகிழ்தட்டு ஒன்றையும் ஆக்கிக்கொள்க. பட்டி பிழைபட்டு ஓயாது சுழலினும், அத்தட்டினால் கணனியை எழுப்பிப் பழைய கோப்பை மீட்டுக்கொள்ளலாம்.