மறைப்புக்கு எந்த மரம்?

அன்புள்ள கயல்விழிக்கு,

பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து உங்கள் தோட்டம் தெரியாமல் மறைக்க வேண்டும், அதிகம் வேலை வைக்காத மரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். மரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் உயரத்தை அளந்துகொள். அண்ணனை வேலியோரம் நீளக் கழியோடு நிற்கச் சொல். நீ வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால், கழி எவ்வளவு உயர்ந்தால் ஜன்னல் மறையும் என்று தெரியும். அந்த உயரத்தோடு தானாக நின்றுவிடும் செடிதான் வேலை வைக்காத செடி. முப்பதடி போகிற மரத்தை எட்டடியில் நிறுத்த நினைத்தால், ஆயுள் முழுக்கக் கத்தரியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

நர்சரிகளில் கோனோகார்பஸைக் காட்டுவார்கள். மளமளவென்று அடர்ந்துவிடும், ஆனால் வெட்டி மாளாது. வேர் குழாய்களைக் கெடுக்கிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்று 2023-ல் குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது. உனக்கும் வேண்டாம்.

நம் கொங்குக் காடுகளின் கிளுவை, வேலிக்கு அருமையானது. போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், முள்ளும் உண்டு. ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடும். ஆட்டைத் தடுக்கும், பார்வையைத் தடுக்காது.

ஏழெட்டு அடி போதுமென்றால் ஆடாதோடை வை. இலை பெரிது, ஆண்டு முழுக்கப் பச்சை, ஆடு வாய் வைக்காது. இன்னும் சற்று உயரம் வேண்டுமென்றால் நொச்சி. இரண்டும் போத்திலிருந்தே வரும். வேரூன்றிய பின் வறட்சி தாங்கும். மாடி உயரத்துக்கு நெட்டிலிங்கம். கிளை தொங்கும் வகையாகக் கேட்டு வாங்கி, ஐந்தடிக்கு ஒன்றாக வை. ஒல்லியாகவே உயரும், பக்கவாட்டில் வெட்டும் வேலை இல்லை. முதல் சில கோடைகளில் மட்டும் தண்ணீர் தவறக்கூடாது.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். ஆடாதோடையோ நொச்சியோ என்றால் இரண்டடி இடைவெளியில் இரண்டு வரிசை. முன்வரிசைச் சந்துக்கு நேராகப் பின்வரிசைச் செடி வரட்டும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. மனம் வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் அடியிலிருந்து கிளைக்கும். பின்னால் கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும். தலை அகன்றால் கீழே வெயில் இறங்காது. அடியிலை உதிர்ந்து வேலி ஓட்டையாகிவிடும்.

கழி சொன்ன உயரத்தை எழுது. எட்டடிக்குள் என்றால் ஆடாதோடைப் போத்து நம் தோட்டத்திலேயே வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா