வழி அடைபட்ட காடு

கேள்வி: மசினகுடிப் பக்கம் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் விடுதி கட்டினால் காட்டுக்கு என்ன கெடுதல்?

பதில்: மரம் நிற்கும், வழி அடைபடும். நீலகிரிச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது மசினகுடி அமைந்த சீகூர் பீடபூமி. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கிடையே யானைகள் போய்வர இது முக்கியமான பாதை. கோடையில் தண்ணீர் தேடி வரும் கூட்டம் விடுதியின் மின்வேலியைக் கண்டு விலகினால், பக்கத்து வயலில் இறங்கும். நஷ்டம் விடுதிக்காரருக்கு அல்ல, சிறு விவசாயிக்கு. நாளடைவில் கூட்டங்கள் தனித்தனியே முடங்கினால், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து வம்சம் நலியும். 2010இல் தமிழக அரசு இந்தப் பகுதியை யானை வழித்தடமாக அறிவித்ததை, 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மிகச் சரியான தீர்ப்பு. ஆனால் அங்கேயே தலைமுறைகளாக வாழும் இருளர் பழங்குடியினரையும் விடுதி முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.