பக்கவாதம்: எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டால், அங்குள்ள உயிரணுக்களுக்குப் பிராணவாயு கிடைக்காது. சில நிமிடங்களிலேயே சுற்றியுள்ள தண்ணீர் அவற்றுக்குள் புகும். ஊறவைத்த உளுந்தைப் போல அவை உப்பிவிடும். உப்பியபின் தண்ணீர் முன்போல் தாராளமாக அசைய முடியாது. எம்.ஆர்.ஐ. இந்த அசைவை அளக்கிறது. அசைவு குறைந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அமெரிக்காவில் பூனைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் இதைக் காட்டியது.

பெரும்பாலும் முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், அதில் ஆரம்பப் பாதிப்பு தெரியாமல் போகலாம். தூங்கி எழும்போதே கை கால் விழுந்திருந்தால், பாதிப்பு எப்போது தொடங்கியது என்று கணிக்க எம்.ஆர்.ஐ. உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 999-ஐ அழையுங்கள். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள்.

• கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பகாவ், ஜெலுபு பக்கத் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்குப் போகும் நேரமும் அதில் அடங்கும்.

• உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே தெரிவியுங்கள்.